ஹோல்டரைச் செய்யுங்கள், புல்லரை வாங்குங்கள்

வீட்டு வாசலிலேயே பைக்கைப் பிரித்து வேலை பார்க்கிறவர்களுக்கு, தனிக் கருவியை வாங்குவதா, நாமே செய்துகொள்வதா என்ற கேள்வி ஒரு கட்டத்தில் வந்தே தீரும். ஆயில் மாற்றுவது, செயின் இறுக்குவது, பிரேக் ஷூ போடுவது வரைக்கும் வண்டியோடு வந்த டூல்ஸ் பையும் ஒரு ரிங் ஸ்பேனர் செட்டும் போதும். கிளட்ச் கவரைத் திறந்ததும் கதை மாறிவிடும். நான்கு இடத்தில் வெட்டு விழுந்த வட்ட நட்டு ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். கையில் இருக்கிற எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது. சர்வீஸ் மேனுவலைப் புரட்டினால் அதற்கென்று ஒரு தனிக் கருவியும் அதன் எண்ணும் போட்டிருக்கும்.

அந்தக் கம்பெனிக் கருவியையே வாங்கலாம். சென்னை ஜி.பி. ரோட்டிலோ கோவை நஞ்சப்பா ரோட்டிலோ கிடைக்கிற நகலை வாங்கலாம். இருக்கிற ஸ்பேனரை ராவி மாற்றிக்கொள்ளலாம். பழைய இரும்பில் நாமே செய்யலாம், லேத்தில் கொடுத்துக் கடையலாம். பேசாமல் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டும் போகலாம்.

பெரும்பாலானவர்கள் இதை விலையை வைத்து முடிவு செய்கிறார்கள். என் கணக்கில் விலை இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, வேலை நடுவில் கருவி கைவிட்டால் உடையப்போவது எது என்பது. கருவியே வளைந்துபோனால் தலைவலி அதோடு முடிந்தது, இன்னொன்று செய்துகொள்ளலாம். பத்து ரூபாய் நட்டு கெட்டாலும் பரவாயில்லை. மேக்னட்டின் (எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் சுற்றி மின்சாரம் தருகிற காந்தச் சக்கரம்) மரையோ, எஞ்சின் கேசிங்கோ, நம் விரலோ போகும் என்றால் அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. இப்படிப் பார்த்தால் கருவிகள் தாமாகவே பிரிந்துவிடும். ஒன்றை அசையாமல் பிடித்துக்கொள்கிற கருவி, எட்டாத இடத்துக்கு எட்டுகிற கருவி இரண்டையும் தைரியமாகச் செய்யலாம். மரை போட்டு இழுக்கிற கருவியை வாங்க வேண்டும். அளக்கிற கருவியையும் வாங்க வேண்டும், அதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆள் அடியில் படுத்திருக்கும்போது வண்டியைத் தாங்குகிற ஸ்டாண்டையும், கார் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்குகிற கம்ப்ரெஸரையும் வீட்டில் செய்வதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கிளட்ச் ஹோல்டர்: காசு கொடுப்பதற்குக் காரணமே இல்லை

கிளட்ச் நட்டைக் கழற்றும்போது நட்டோடு சேர்ந்து, பிளேட்டுகள் மாட்டியிருக்கும் நடுப்பகுதியான கிளட்ச் சென்டரும் சுற்றும். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் ஹோல்டர். கடையில் இரண்டு கொக்கியும் கைப்பிடியும் வைத்து, பிளேயர் மாதிரி பிடிக்கிற பொதுக் கருவி ஒன்று கிடைக்கிறது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லித்தான் விற்பார்கள். உண்மையில் எதிலும் முழுதாகப் பொருந்தாமல் இரண்டே பல்லில் தொங்கி நிற்கும். சென்டர் அலுமினியம் என்பதால் அந்த இரண்டு பல்லும் தழும்பாகும்.

இதைவிட நல்ல ஹோல்டர் எந்த மெக்கானிக் கடையிலும் குப்பையில் கிடக்கிறது. கிளட்ச் பிளேட் செட் மாற்றும்போது தூக்கிப் போடுகிற பழைய ஸ்டீல் பிளேட்தான் அது. உள்விளிம்பு முழுக்கப் பல் இருக்கிறது, அந்தப் பல் சென்டரின் வரிப்பள்ளங்களுக்கென்றே வெட்டப்பட்டது. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். உங்கள் வண்டி மாடலைச் சொல்லிக் கேளுங்கள், ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பிளேட் மட்டும் மெல்லிசு. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பல்லோடு பல் சரியாக நேர்படுத்தி, வெளிவிளிம்பில் நான்கைந்து இடத்தில் பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் நீளமாக வைத்தால் பிளேட் கோணிக்கொண்டு சென்டருக்குள் இறங்காது. முடிந்தால் பழைய சென்டர் ஒன்றில் மாட்டி வைத்தபடியே பொட்டு வைப்பது இன்னும் நல்லது. பிறகு 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனத்தில் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலான பட்டைக் கம்பியை வெளிவிளிம்பில் கைப்பிடியாகப் பற்றவைக்க வேண்டும். கைப்பிடி கிளட்ச் ஹவுசிங்கின் காதுகளில் முட்டாமல் மேலே எழும்பி வர வேண்டும், அதனால் பட்டையின் முனையை முதலிலேயே ஒரு படி மாதிரி மடித்துவிடுங்கள். வெல்டிங் பட்டறையில் இது தேநீர் குடிக்கிற நேரத்து வேலை.

பட்டைக் கம்பிக்கு ஜி.ஐ. துண்டைக் கொடுக்காதீர்கள். துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும். வேறு துண்டு கிடைக்கவில்லை என்றால் பற்றவைக்கிற இடத்திலாவது பூச்சைச் சுத்தமாக ராவிவிட வேண்டும். குரோம் பூசிய ஸ்பேனரைப் பற்றவைப்பதும் இதே வகைதான், புகை அதைவிட மோசம்.

ஹோல்டரே இல்லாமல் பல மெக்கானிக்குகள் இம்பாக்ட் கன் வைத்து நட்டைக் கழற்றுகிறார்கள். கழற்றுவதற்கு அது சரி. திரும்ப இறுக்கும்போதும் அதே கன்னை வைத்தால் எவ்வளவு இறுகியது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிரைமரி கியர் பற்களுக்கு நடுவே செம்புத் துண்டைச் செருகிச் சுழலாமல் நிறுத்துகிற வழக்கமும் உண்டு. அவசரத்துக்கு அது போதும். ஆனால் அத்தனை விசையும் ஒரு பல்லின் மேல் விழுகிறது என்பது மனதில் இருக்கட்டும்.

வெட்டு நட்டு சாக்கெட்: வண்டியைப் பொறுத்தது

இங்கே பதில் ஒன்றாக இல்லை. ஸ்பிளெண்டர் குடும்பத்து வண்டிகளுக்கு வேண்டிய சாக்கெட் எல்லா ஊரிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அரைநாள் உட்கார்ந்து அரத்தில் தேய்ப்பது பொழுதுபோக்கு என்றால் சரி, சிக்கனம் என்று சொல்ல முடியாது. பழைய யெஸ்டி மாதிரி வண்டி வைத்திருப்பவர் கதை வேறு. மைசூரில் அந்த வண்டியின் தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அதற்கான கருவி கடையில் கிடைத்தால் அதிர்ஷ்டம், அப்படிக் கிடைத்தாலும் அளவு சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே செய்வதுதான் வழி.

செய்வது கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். நட்டின் முகத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு வெள்ளைத் தாளை அழுத்தி எடுத்தால் வட்டமும் நான்கு வெட்டுகளும் அச்சு மாதிரி விழும். வெட்டின் அகலத்தையும் ஆழத்தையும் வெர்னியரில் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டம் பொருந்துகிற பழைய சாக்கெட் ஒன்றின் விளிம்பில் அந்த அச்சை ஒட்டி, நான்கு பல் மட்டும் நிற்கிற மாதிரி நடுவில் இருப்பதை கட்டிங் வீலில் எடுக்க வேண்டும். கருப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் கிடைத்தால் அதையே எடுங்கள். பளபளக்கிற சாதாரண சாக்கெட்டைவிட அது அடி தாங்கும், சட்டென்று தெறிக்காது.

இதில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் பல்லின் பக்கங்கள். பல் நுனிக்குப் போகப் போகச் சிறுத்தால், திருப்பும்போது அது வெட்டைவிட்டு மேலே ஏறி வழுக்கும். இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்க வேண்டும். பல்லின் நீளம் வெட்டின் ஆழத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் அடியில் இருக்கிற வாஷரில் முட்டி சாக்கெட் ஆடும்.

செய்யவும் இல்லை, வாங்கவும் இல்லை என்றால் மூன்றாவது வழி உளியும் சுத்தியலும். பழைய வண்டி எதைத் திறந்தாலும் அந்த நட்டில் உளி விழுந்த காயம் குறைந்தது நாலு இருக்கும். நட்டு கெட்டால் இன்னொன்று வாங்கிவிடலாம். ஆனால் அந்த அடி நட்டோடு நிற்பதில்லை, பின்னால் இருக்கிற பேரிங்குக்கும் போகிறது.

மேக்னட் புல்லர்: இதில் விளையாட வேண்டாம்

மேக்னட் கிராங்க்கின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்க, மேக்னட்டின் நடுக்குழலில் இருக்கும் மரையில் புல்லரின் உடலைத் திருகி, நடு போல்ட்டை இறுக்கி, கிராங்க் முனையை எதிர்த்துத் தள்ள வேண்டும். அத்தனை விசையையும் தாங்குவது சில சுற்று மெல்லிய மரை மட்டும். புல்லரின் மரை கொஞ்சம் தளர்வாக இருந்தால் போதும், இரண்டும் சேர்ந்து உரிந்துவிடும். மேக்னட்டில் மரை போய்விட்டால் அப்புறம் எடுக்க நல்ல வழி கிடையாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

லேத்தில் கடைந்தால் என்ன என்று கேட்கலாம். கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ லேத்துக்குக் குறைவில்லை. போய்க் கேட்டால் முதல் கேள்வியே “மெட்டீரியல் என்னங்க போடறது?” என்றுதான் வரும். “உங்களுக்குத் தெரியாததாங்கண்ணா, ஏதோ ஒண்ணு போடுங்க” என்று சொன்னால் கையில் கிடைத்த எம்.எஸ். ராடில் கடைந்து கொடுத்துவிடுவார். எம்.எஸ். மெத்து இரும்பு, சூடுபடுத்தி நனைத்தாலும் கடினமாகாது. நடு போல்ட்டின் முனை முதல் தடவையே குடைபோல விரிந்துவிடும். இ.என்.8 என்கிற எஃகு ரகத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் கார்பன் ஏறக்குறைய 0.4 சதவீதம் இருப்பதால் ஹீட் ட்ரீட்மென்ட் ஏற்கும். அப்படிக் கடைந்து, மரையைப் பக்குவமாக வெட்டி, நடு போல்ட்டையும் கடினப்படுத்தி எடுக்கும்போது கடைப் புல்லரின் விலையைத் தாண்டியிருப்பீர்கள். ஒரே ஒரு பீஸுக்கு லேத்தை நிறுத்தி செட்டிங் மாற்ற எந்த லேத்துக்காரரும் மனமுவந்து சம்மதிப்பதில்லை என்பது தனிக்கதை. பல்ஸர், ஆர்.எக்ஸ். 100, ஆக்டிவா என்று வண்டிப் பெயர் சொல்லி வாங்குகிற வசதி இருக்கும்போது கடைவதற்கு அவசியமே இல்லை.

வாங்கும்போது இரண்டு சோதனை போதும். சின்ன அரத்தை நடு போல்ட்டின் முனையில் ஒரு தடவை இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் இரும்பு கடினம், கடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் புல்லரை மேக்னட் மரையில் விரலாலேயே திருகிப் பாருங்கள். ஐந்தாறு சுற்று ஆட்டமில்லாமல் உள்ளே போக வேண்டும். பாதியில் நின்றால் அழுக்கு, ஆடினால் அளவு தப்பு. தப்பு என்றால் ஸ்பேனரை எடுக்காமல் கடைக்கே திரும்புங்கள்.

மூன்று கால் பேரிங் புல்லரை மேக்னட்டின் வெளிவிளிம்பில் மாட்டி இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். விளிம்பு கோணும், நடுக்குழலைப் பிடித்திருக்கும் ரிவிட் தளரும். பின்னால் எஞ்சினிலிருந்து வருகிற கடகட சத்தத்துக்குக் காரணம் தேடி கிராங்க் வரைக்கும் பிரிப்பார்கள்.

ஸ்பேனரை ராவுவது

இடம் குறுகலாக இருக்கிறது, ரிங்கின் சுவர் தடித்திருக்கிறது, ஆலன் கீயின் சின்னக் கால் நீளமாக இருக்கிறது. இந்த மூன்று தொல்லைக்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் வீட்டில் இருக்கிற நல்ல தபாரியா செட்டில் கை வைக்காதீர்கள். சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஜோடி பிரிந்த ஸ்பேனர்கள் குவிந்து கிடக்கும். ஜலந்தர், லூதியானா சரக்குதான் பாதிக்கு மேல் இருக்கும். குரோம் உரிந்து அசிங்கமாக இருந்தாலும் அடித்து உருவாக்கிய இரும்பு, அதுதான் வேண்டியது.

கிரைண்டரில் பிடிக்கும்போது கையுறை போடாதீர்கள், வீல் இழுத்துக்கொள்ளும். வெறும் விரலால் பிடித்தால் சூடு ஏறுவதும் உடனே தெரியும். சுடுகிற கணத்தில் தண்ணீரில் முக்க வேண்டும். கண்ணாடி மட்டும் கட்டாயம். ராவிய பளபளப்பில் இரும்பு முதலில் வைக்கோல் நிறம் காட்டும், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். நீலம் என்றால் கிட்டத்தட்ட 300 டிகிரி. ஸ்பேனர் அதைத் தாங்கும், ஏனென்றால் தொழிற்சாலையில் அதைவிட அதிகச் சூட்டில்தான் பக்குவப்படுத்தியிருப்பார்கள். திருப்புளி நுனியும் உளியும் அப்படியில்லை. நீலம் பட்ட திருப்புளி நுனி அடுத்த ஸ்குருவிலேயே முறுக்கிக்கொள்ளும்.

வளைப்பது இதைவிட ஆபத்தான வேலை. பழுக்கக் காய்ச்சினால்தான் ஸ்பேனர் வளையும், பச்சையாக வளைத்தால் முறியும். காய்ச்சி வளைத்தபின் பழக்கதோஷத்தில் தண்ணீரில் முக்குகிறார்கள். அப்படிச் செய்தால் வளைத்த இடம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தானாக ஆற விடுங்கள். அந்த இடம் கொஞ்சம் மெத்தாகும், விசை அதிகம் வைத்தால் வளைந்து கொடுக்கும். வளைந்து கொடுக்கிற ஸ்பேனரால் கை முட்டி உடையாது.

இப்படி ராவிய, வளைத்த ஸ்பேனர்களுக்கு ஒரே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். இறுகிக் கிடக்கிற நட்டின் முதல் இறுக்கத்தை இவற்றால் உடைக்க வேண்டாம். முடிந்தவரை முழு ஸ்பேனரால் இளக்கிவிட்டு, மிச்சத்தைச் சுற்றி எடுக்க மெல்லியது.

ஆக்சிஜன் சென்ஸர் சாக்கெட் இதில் சேராது. பல கார்களில் சென்ஸருக்கு 22 மி.மீ. சாக்கெட்தான், ஒயர் வெளியே வர ஒரு பக்கம் பிளவு வேண்டும். சாதாரண நீள சாக்கெட்டைக் கிரைண்டரில் பிளந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். புகைக்குழாயில் துருப்பிடித்து உறைந்த சென்ஸரை அதை வைத்துத் திருப்பினால், பிளவு வாய் திறந்து சென்ஸரின் மூலைகள்தான் மழுங்கும். பிளவுக்கென்றே தடித்த சுவரோடு செய்து விற்பதை வாங்குங்கள்.

பேரிங்: குப்பையே கருவி

பேரிங்கை உள்ளே இறக்குவதற்கு விலையுயர்ந்த டிரைவர் செட் விற்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை சக்கர பேரிங் மாற்றுகிறவருக்கு அது வேண்டாம். கழற்றிய பழைய பேரிங்கையே கருவியாக்கிக்கொள்ளலாம். சின்ன பைக்குகளின் சக்கரத்தில் அதிகம் பார்க்கிற 6301 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே 12, வெளியே 37, கனம் 12 மி.மீ. பழையதின் வெளிவளையத்தைச் சுற்றிலும் லேசாக ராவி, ஹப்புக்குள் இறுகாமல் போய்வருகிற அளவுக்குக் குறைத்தால் போதும். புதிய பேரிங்கின் மேல் அதை வைத்து, நடுவே நீள மரைக் கம்பியும் தடித்த வாஷர்களும் நட்டும் போட்டு இறுக்கினால் சுத்தியலே இல்லாமல் நேராக இறங்கும். விசை வெளிவளையத்தில்தான் விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்து இறக்கினால் புதிய பேரிங் அன்றைக்கே பாதி பழசு.

எஞ்சின் கேசிங்கில் போடுவதென்றால் கருவியைவிடச் சூடு உதவும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 47 மி.மீ. விட்டமுள்ள குழியை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் சுமார் 0.09 மி.மீ. அகலும். பிரிட்ஜில் வைத்து எடுத்த பேரிங் அதற்குள் கையாலேயே இறங்கிவிடும். கேசிங்கைச் சமையலறை அடுப்பில் வைப்பதற்கு முன் வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஆயில் வாடை இரண்டு நாளைக்குப் போகாது.

வால்வு ஸ்பிரிங் அமுக்குகிற கருவியும் சின்ன எஞ்சின்களுக்குச் செய்துகொள்ளலாம். சி கிளாம்ப் ஒன்று, ஸ்பிரிங் மூடியின் விளிம்பில் உட்கார்கிற குழாய்த் துண்டு ஒன்று, அந்தக் குழாயில், மூடியை வால்வோடு பிடித்திருக்கும் சின்ன லாக்கை எடுக்க ஒரு ஜன்னல். வால்வு முகம் கீறாமல் இருக்க மறுபக்கம் மரத்துண்டு. லாக் தெறித்தால் தேடுவது பெரும்பாடு என்பதால் மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அளக்கிற கருவியும் அந்த விலக்கும்

இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை பிளேடாலும் சிகரெட் அட்டையாலும் ஈடுகட்டுகிற பழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. பிளக் கேப்புக்கு எப்படியோ போகட்டும். டேப்பெட்டில், அதாவது வால்வு இடைவெளியில், கணக்கு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, அங்கே அட்டை கதைக்காகாது. ஃபீலர் கேஜ் விலை குறைவு, வாங்கிவிடுங்கள்.

எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுகிற டார்க் ரெஞ்ச் அப்படியில்லை. நல்லது விலை அதிகம், மலிவானதை நம்ப முடியாது. இங்கேதான் நான் சொன்ன விலக்கு. லக்கேஜ் எடை பார்க்கிற டிஜிட்டல் தொங்கு தராசு போதும். ஸ்பேனரில், நட்டின் மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி ஒரு குறி போட்டு, அங்கே தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். 4 கிலோ காட்டினால் அது ஒரு கிலோகிராம் மீட்டர், ஏறக்குறைய 9.8 நியூட்டன் மீட்டர். 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பல மேனுவல்கள் சொல்லுகிற 10 நியூட்டன் மீட்டருக்கு இது போதுமான அளவு நெருக்கம். 16 கிலோ இழுத்தால் 39. கோணம் சாய்ந்தால் கணக்கு குறையும், அதனால் இழுக்கிற கை செங்குத்தாக இருக்கிறதா என்று இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. பத்து என்பது எவ்வளவு கொஞ்சம் என்று கைக்கே தெரிந்துவிடும், அப்புறம் அலுமினியத்தில் மரை உரிப்பது தானாகக் குறையும்.

எதை விட்டுவிடுவது

கம்பெனிக் கருவியை இவ்வளவு நேரம் கண்டுகொள்ளவில்லை. பொருத்தத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டரில் எண்ணைச் சொன்னால் சிலர் வரவழைத்துத் தருவார்கள், பலர் கைவிரிப்பார்கள். ஒரே மாடலை நாள் முழுக்கப் பார்க்கிறவருக்கு அது லாபம். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு இழுக்கிற கருவிகளில் மட்டும், அதுவும் கடை நகல் பொருந்தாதபோது மட்டும், அதைத் தேடலாம்.

கருவி என்ன இருந்தாலும் வீட்டில் செய்யக் கூடாத வேலை கிராங்க். கனெக்டிங் ராடு மாற்ற கிராங்க் பின்னை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி எடுக்க வேண்டும், திரும்பச் சேர்த்தபின் லேத் சென்டரில் பூட்டி, சுற்றும்போது கோணல் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கென்றே லேத்துப் பட்டறைகள் இருக்கின்றன. மேக்னட், கிளட்ச், கேசிங் வரை நீங்களே பிரித்து, கிராங்க்கை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், மேக்னட்டை கிராங்க்கில் சரியான நிலையில் நிறுத்துகிற சின்ன இரும்புத் துண்டான மேக்னட் கீயைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், பட்டறையில் முதலில் காணாமல் போவது அதுதான்.